பார்க்கக் கூடாது, கேட்க மட்டும்தான்

அந்தக் கதவு கிறீச்சிடாமல் திறந்தது. எல்லாம் கோணலாகத் தொடங்கியது அங்கேதான் என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில், யாரோ கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததோடு சரி.

கல்லூரியின் மேல்மாடிக் கோடியில், ஒரு காலத்தில் சின்ன நாடக அரங்காக இருந்து, மழை ஒழுகி, இருக்கைகள் உளுத்துப்போய், வேறு இடமில்லாத காரணத்தால் இலக்கிய வகுப்பாக மாறிவிட்ட நீளமான அறை அது. முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமேடை. மேடையின் பின்சுவரில் ஓர் இரட்டைக் கதவு. அதற்குப் பின்னால் ஒப்பனை அறை என்று பெயருக்கு ஓர் அறை: ரசம் உதிர்ந்த நிலைக்கண்ணாடி, கால் உடைந்த நாற்காலிகள், ஒரு பழைய மரப்பெட்டி, கொக்கிகளில் தொங்கும் பழைய ராஜா ராணி உடுப்புகள், அந்த உடுப்புகளில் பல வருஷத்து வேர்வையும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாடை. அந்த அறைக்கு நடைபாதைப் பக்கம் இன்னொரு வாசலும் உண்டு. இரட்டைக் கதவை யார் திறந்தாலும் மிதிபட்ட கோழி மாதிரி ஒரு சத்தம் வரும், வகுப்பே சிரிக்கும், சிரிப்பு அடங்கிய பிறகுதான் பாடம் நகரும்.

அங்கே மாலை வகுப்பு எடுக்கிற ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'ரத்தம் மேடம்'. ஆளைப் பார்த்தால் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மனசு வராமல் முறத்தில் தள்ளி வெளியே விடுகிற ரகம். ஆனால் துன்பியல் நாடகம் என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். கண் பளபளக்கும், குரல் இறங்கும், சாக்பீஸ் பிடித்த விரல் நடுங்கும்.

"அந்தக் காலத்து நாடகத்துல கொலை மேடையில நடக்காது. கதவுக்குப் பின்னாடி நடக்கும். ஒரு தூதன் வெளியே வந்து சொல்லுவான். கண்ணால பார்த்தா ஒரு தடவைதான் சாவு. காதால கேட்டா, நினைக்கிறப்பெல்லாம் சாவு. புரியுதா?"

புரிவதற்காக அவளே ஒரு பயிற்சி வைத்திருந்தாள். பல வருஷமாக நடக்கிற பயிற்சி. பழைய மாணவர்கள் இன்றைக்கும் சந்திக்கிற இடத்தில் அதைத்தான் பேசுவார்கள். ஒருவர் ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒரு சாவை மனசுக்குள் முழுசாகப் பார்க்க வேண்டும். பிறகு தூதனாக மேடைக்கு வர வேண்டும். கையைக் கட்டக் கூடாது, நேராக நிற்க வேண்டும், ஆரம்பத்திலிருந்து ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கும் ஒரு விதி உண்டு. யாரும் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கக் கூடாது. "பார்க்கக் கூடாது" என்று அவள் ஆரம்பிப்பாள். "கேட்க மட்டும்தான்!" என்று வகுப்பு ஒரே குரலில் முடிக்கும்.

பெரும்பாலும் அது கூத்தாகத்தான் முடியும். வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பையன் போன வாரம் தூதனாக வந்து, ராஜா விஷம் குடித்துவிட்டார் என்றான்.

"ரத்தம் எங்கே?" என்று அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"விஷத்துக்கு ஏது மேடம் ரத்தம்? வேணும்னா கீழே விழறப்ப மூக்குல அடிபட்டுச்சுன்னு வச்சுக்கலாம்."

அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான்.

கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பாதிப் பருவத்தில் வந்து சேர்ந்தவன். எந்தக் கல்லூரியிலிருந்து வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. 'புதுசு' என்று கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான். நோட்டுப் புத்தகம் கிடையாது, பேனா கிடையாது. இரண்டு உள்ளங்கையையும் மேசை மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் சாப்பிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். எந்த ஆசிரியைக்குத்தான் அப்படி ஒரு மாணவனைப் பிடிக்காது?

அவன் முறை வந்தபோது எழுந்து நின்று, "எனக்குக் கற்பனை வராது மேடம்" என்றான்.

"வராதுன்னா?"

"பார்த்ததைச் சொல்ல வரும். பார்க்காததைச் சொல்ல வராது."

"அப்ப பரீட்சையில பக்கத்துப் பேப்பரைப் பார்த்துத்தான் எழுதுவான் போல மேடம்!" என்றான் ரேடியோ.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே, "சரிப்பா, அப்ப உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றாள். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவன் மேடையேறினான். கதவில் கை வைக்கும் முன் ஒரு தடவை திரும்பினான். "ஒரு சந்தேகம் மேடம். தூதன் எதுக்கு? செத்தவங்களே வந்து சொன்னா என்ன?"

"செத்தவங்க வர முடியாதுங்கறதாலதானே தூதன்? அவங்களே வந்துட்டா அப்புறம் தூதனுக்கு என்ன வேலை? அவன் போய்ப் பெஞ்சுல உட்கார்ந்துக்க வேண்டியதுதான்."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். அப்போதுதான் அந்தக் கதவு கிறீச்சிடாமல் திறந்து, கிறீச்சிடாமல் மூடியது. சிரிக்கத் தயாராக இருந்த வகுப்புக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. குழல்விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது. உள்ளேயிருந்து வந்த பூச்சி உருண்டை வாடையோடு, பழைய இரும்பை நக்கினால் நாக்கில் ஒட்டுகிற மாதிரி வேறொரு வாடையும் மெல்லிசாகக் கலந்திருந்தது.

அவன் திரும்பி வந்தான். கையைக் கட்டாமல் நேராக நின்றான்.

"சாம்பல் நிறப் பூனை. வயிறு தொங்கி இருந்துச்சு, பால் குடுக்கற வயிறு. நல்லபடியாத்தான் கூப்பிட்டாங்க, அதுவும் நம்பி வந்துச்சு. கழுத்தைக் கதவு இடுக்குல வச்சுக் கதவைச் சாத்தினாங்க. வேகமா இல்லை. மெதுவா. அது மரத்தைப் பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கண்ணு வெளியே வந்து கன்னத்துல தொங்கினப்புறமும் பிறாண்டறது நிக்கல. குட்டிங்க பெட்டிக்கு அடியில இருந்து பார்த்துக்கிட்டிருந்துச்சுங்க."

பிறகு ஒருவர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். அவள் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தூதன் வந்ததில்லை.

மறுநாள் மாலை அட்டெண்டர் அவளைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார். வயதான மனுஷர், மேல்மாடிச் சாவியெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும், அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும்.

"மேடம், ஒப்பனை ரூம்ல நம்ம பூனையை எந்தப் பாவியோ கதவுல வச்சு நசுக்கியிருக்கான். குட்டிங்க கத்தறதைக் கேட்டுத்தான் போய்ப் பார்த்தேன். இங்க வந்து பாருங்க."

நிலைப்படி மரத்தில் கோடு கோடாகப் பிறாண்டல். புதிய மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணே, இந்தக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

"நானா? வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன், ஆபீஸ்ல எங்க குடுத்தாங்க?" அவர் கதவைத் தள்ளிக் காட்டினார். மிதிபட்ட கோழி அலறியது.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "பூனையை நீதான் செஞ்சியா?"

அவன் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. "நான் தூதன் மட்டும்தானே மேடம். செய்யறவங்க வேற."

"யாரு?"

"அதைப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

திட்டியிருக்கலாம். முதல்வரிடம் போயிருக்கலாம். 'போய்ப் பார்த்துட்டு வா'ன்னு அனுப்பினது யாரு என்று அவர் கேட்டால்? அந்தப் பயிற்சியால்தான் கல்லூரியில் அவளுக்கு ஒரு பெயரே. ஆகவே அவள் ஆசிரியை செய்கிற காரியத்தைச் செய்தாள், குறை சொன்னாள். "பூனை செத்தா பரிதாபம், அவ்வளவுதான். துன்பியல்னா மனுஷன் வேணும். இனிமே இந்த மாதிரி அசிங்கத்தை எடுத்துக்கிட்டு வராதே."

நுணலும் தன் வாயால் கெடும். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "சரி மேடம்" என்றான்.

வீட்டில் மகளிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். மகள் அதே கல்லூரியில் ரசாயனம் முதல் வருஷம். ஆய்வகம் முடிந்ததும் நூலகத்தில் காத்திருந்து அம்மாவின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு வருகிற பெண். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். சோறு போடும்போது, "இன்னைக்கு எத்தனை கொலைம்மா?" என்று மகள் வழக்கம்போலக் கேட்டாள். தினமும் கேட்கிற கேலிதான். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் வகுப்புப் பையன் ஒருத்தன் லைப்ரரி ஜன்னல்கிட்ட வந்து நிக்கறான்மா" என்றாள் மகள். "ஒண்ணும் பேசறதில்லை. நான் என்ன உடுத்தியிருக்கேன், என்ன வச்சிருக்கேன்னு மனப்பாடம் பண்ற மாதிரி பார்க்கறான்."

"அவன்கிட்ட பேசாதே."

"நான் எங்க பேசினேன்? அவன்தான் நேத்துக் கேட்டான். 'உங்க அம்மாவுக்கு நீங்க ஒரே பொண்ணா'ன்னு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அடுத்த பயிற்சியில் அவனைக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். வகுப்பு விடவில்லை. "புதுசு! புதுசு!" என்று மேசையைத் தட்டினார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். கதவு மூச்சு விடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் மழைக்கு நடுவில், ரொம்ப தூரத்தில் என்கிற மாதிரி, ரொம்பப் பக்கத்தில் என்கிற மாதிரி, எதுவோ தொண்டையில் அடைத்த ஆள் காற்றுக்குத் தவிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவன் வந்து நின்றான்.

"ஒரு ஆள். நாத்தம் அடிக்குதேன்னு ரூமுக்குள்ள வந்தார். இருட்டுல சுவிட்சைத் தேடினார். சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கை இருந்துச்சு. அந்தக் கை அவர் தாடையைப் பிடிச்சுத் திறந்துச்சு. தாடை ஒரு அளவுக்கு மேல திறக்காது மேடம், அப்புறம் உடையும். உடைஞ்சுச்சு. அதுக்கப்புறம் சுலபமா இருந்துச்சு."

யாரோ "ஐயோ" என்றார்கள். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, வருஷக்கணக்கான பழக்கம். பயத்தில் மூளை நின்றுபோனாலும் வாய் தானாகப் பாடம் நடத்தியது.

"யாரோ ஒரு ஆள்னு சொன்னா அது பேப்பர்ல வர்ற செய்தி. அடையாளம் சொல்லணும். மோதிரம், தழும்பு, ஏதோ ஒண்ணு. அதைக் கேட்டதும் கேக்கறவங்களுக்கு அடிவயிறு கலங்கணும். யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட வந்து சொல்லணும். தாய்கிட்ட சொன்னாத்தான் அது துன்பியல்."

அவன் ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டான்.

"சரி மேடம். அடுத்த தடவை தாய்கிட்டயே சொல்றேன். இந்த ஆளுக்கு அடையாளம் சாவி. வாய் நிறைய சாவி. ஒவ்வொண்ணா விழுங்க வச்சாங்க. கடைசிச் சாவி இறங்கல, குத்தி இறக்கினாங்க."

"அடப்பாவி, நம்ம அட்டெண்டரைப் போட்டுத் தள்ளிட்டான்டா!" என்று யாரோ கத்த, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பு வெடித்துச் சிரித்தது. கைதட்டலில் மேசைகள் அதிர்ந்தன.

அவள் நடைபாதைக்கு ஓடினாள். அட்டெண்டரின் முக்காலி காலியாக இருந்தது. பாதி குடித்த டீயில் ஆடை படிந்திருந்தது. கொட்டுகிற மழையில் அவருடைய குடை ஆணியில் தொங்கியது.

இரண்டு நாளாக அவர் வரவில்லை. கிழவன் சாவிக்கொத்தோட கம்பி நீட்டிட்டான் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். பூட்டு மாற்றுகிற செலவைப் பற்றிப் புலம்பினார்கள். அவர் வீட்டிலிருந்து மனைவி வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். பகல் வெளிச்சத்தில், பிள்ளைகள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, ஆசிரியை ஒப்பனை அறைக்குள் போனாள். கதவு அலறியது. உடுப்புகள் தொங்கின. தரை கழுவின மாதிரி சுத்தமாக இருந்தது. நிலைக்கண்ணாடிக்கு அடியில், ஈரமாக, ஒரே ஒரு சாவி. அதன் பற்களுக்கு நடுவில் இளஞ்சிவப்பாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

போலீசிடம் என்ன சொல்வாள்? என் மாணவன் சொன்னான், நாங்கள் கைதட்டினோம் என்றா? அவள் அந்தச் சாவியைச் செருப்பு நுனியால் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. மன்னிக்க அவகாசமும் கிடைக்கவில்லை.

அடுத்த பயிற்சி நாள் காலையில் மகளின் ஆய்வகக் கோட்டில் பொத்தான் அறுந்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. கையில் கிடைத்த பச்சை நூலால் அவசரமாகத் தைத்துக் கொடுத்தாள்.

"வெள்ளைக் கோட்டுல பச்சை நூலா? மானம் போகுதும்மா."

"யாருடி பார்க்கப் போறா? இங்க பாரு, இன்னைக்கு எனக்காகக் காத்திருக்காதே. லேப் முடிஞ்சதும் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடு."

"ஏன்?"

"போன்னா போ. எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்காதே!"

குரல் உயர்ந்துவிட்டது. மகள் முகம் சுருங்கி, கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். போகட்டும், ராத்திரி சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று இவள் நினைத்தாள். வீட்டில் பத்திரமாக இருந்தால் போதும்.

மாலையில் வானம் பொத்துக்கொண்டது. வகுப்புக்குள் நுழையும்போதே அவள் மனசில் எல்லாம் தயாராக இருந்தது. பழைய நாடகம் முடிந்தது, தூதனும் முடிந்தான் என்று சொல்லிவிட வேண்டும். இனி மறுமலர்ச்சிக் கால நாடகம். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கேட்டு அலுத்துவிட்டது. அவர்கள் கொலையைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்து மேடைக்கே கொண்டுவந்தார்கள். கத்தி, விஷம், வெட்டின கை, எல்லாம் எல்லார் கண் முன்னாலும். அதைச் சொல்லிப் பாடத்தைத் திருப்பிவிட்டால் இந்தப் பீடை ஒழியும்.

கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

மேடைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"உட்காருங்க மேடம்" என்றான் ரேடியோ, வாயெல்லாம் பல்லாக. "இன்னைக்கு நீங்கதான் ராணியம்மா. தாய்கிட்ட சொன்னாத்தான் துன்பியல்னு சொன்னீங்கல்ல? புதுசு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டான். அப்பவே உள்ளே போயிட்டான்."

"வேண்டாம். இன்னைக்கு வேற பாடம். அவனை வெளியே வரச் சொல்லு."

"கடைசி ஒரு தடவை மேடம். ப்ளீஸ் மேடம்!"

நாலைந்து பெண்கள் செல்லமாகத் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் நாடகம்தானே அவர்களுக்கு. அவள் முகத்தில் ஈயாடவில்லை. மகள் வீட்டில் இருப்பாள், இந்நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு டீ போட்டிருப்பாள் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

கதவு திறந்தது. சத்தமில்லை.

அவன் வந்தான். சட்டையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. அவள் கண்ணையே பார்த்து நின்றான்.

"தாயே, ஒரு சேதி கொண்டு வந்திருக்கேன்."

வகுப்பு சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்தது.

"சின்னப் பொண்ணு. மழையில பஸ் வரல. அம்மா காலையில கோவமா பேசிட்டாங்களேன்னு மனசு கேக்கல. சமாதானம் பண்ணி ஒண்ணா போகலாம்னு மேல ஏறி வந்தா. நடைபாதையில நனையுதேன்னு இந்த ரூம்ல ஒதுங்கினா. உள்ளே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டுச்சு. அட்டெண்டர் அண்ணன்தான்னு நினைச்சு, 'அண்ணே'ன்னு கூப்பிட்டா."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளில் இருந்த கைகள் விடவில்லை.

"முதல்ல கை. ரெண்டு மணிக்கட்டும். அப்புறம் கழுத்து. வெட்டினது இல்லை, அறுத்தது. சாவி மழுங்கல், அதனால நேரம் ஆச்சு. கூப்பிட்டுப் பார்த்தா, குரல் வரல. காத்துதான் வந்துச்சு."

"அடையாளம்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள். "அடையாளம் சொல்லு!"

"வெள்ளைக் கோட்டு" என்றான் அவன். "அதுல ஒரு பொத்தான் பச்சை நூல்ல தைச்சிருக்கு."

அவள் அலறினாள்.

அப்படி ஓர் அலறலை அந்த அறை கேட்டதில்லை. பிறகு கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. விசில். "என்னமா நடிக்கறாங்க பாரேன்!"

"விடுங்க! என் பொண்ணு! உள்ளே என் பொண்ணு!"

மேடைக்குத் தாவினாள். அதற்குள் ரேடியோவும் இன்னும் சிலரும் கதவுக்கு முன்னால் கைகோத்து நின்றுவிட்டார்கள். சிரித்துக்கொண்டே.

"பார்க்கக் கூடாது!" என்றான் ரேடியோ.

"கேட்க மட்டும்தான்!" வகுப்பே முடித்தது.

"ஐயோ, பாடம் இல்லடா! நிஜம்டா! விடுங்கடா!"

அடித்தாள். கடித்தாள். ரேடியோவின் கன்னத்தில் அவள் நகம் இறங்கியது. அவன் வலியிலும் சிரித்தான். அவளே சொல்லியிருக்கிறாள், ராணி அப்படித்தான் செய்வாள் என்று. ராணி எவ்வளவு கெஞ்சினாலும் விடக் கூடாது என்று.

"நான் கிளம்பறப்ப உயிர் இருந்துச்சு, தாயே" என்றான் தூதன். "கதவு வரைக்கும் ஊர்ந்து வந்துட்டா. குரல் இல்லை. அதனால தட்டுவா."

கதவு தட்டப்பட்டது.

மெல்ல. தாழ்வாக. தரையோடு.

"சவுண்ட் எஃபெக்ட் வேற!" என்று யாரோ வியந்தார்கள்.

மறுபடி தட்டல். முஷ்டியால் தட்டுகிற சத்தம் இல்லை. ஈரமான எதையோ மரத்தில் மோதுகிற சத்தம். அவள் கீழே விழுந்து, அவர்கள் கால்களுக்கு நடுவில் கையை நுழைத்து, கதவின் அடிப்பலகையைத் தொட்டாள். "கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன். அம்மா இங்கதான்டா இருக்கேன்." பலகைக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில், அவள் உள்ளங்கைக்கு நேராக, மகள் தட்டினாள்.

இன்னொரு தடவை.

பிறகு இல்லை.

உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது. நிதானமாக, வேலை முடித்துக் கிளம்புகிற மனுஷனின் இடுப்பில் குலுங்குவது போல.

"ரத்தம் எங்கே?" என்று விளையாட்டாகக் கேட்டது ஒரு பெண் குரல். ஆசிரியையின் குரல் மாதிரியே கேட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

கதவுக்கு அடியிலிருந்து வந்தது. சூடாக. முதலில் அவள் விரலைத் தொட்டது, பிறகு முழங்கையை. பிறகு ரேடியோவின் செருப்பை. அவன் குனிந்து பார்த்தான். காலைத் தூக்கிப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றுபோயிருந்தது. கோத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்வரிசைக்கு இன்னும் தெரியவில்லை. அங்கே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதுசு மேடையிலிருந்து இறங்கினான். நடுவழியே நடந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் மேசை மேல் கவிழ்த்து வைத்தான். தூதனுக்கு இனி வேலை இல்லை.

கதவு திறந்தது.

சத்தமில்லை.

மகள் நடந்து வந்தாள். கோட்டில் வெள்ளை கொஞ்சம்தான் மிச்சம். கிழிந்த துணியில் பச்சை நூல் மட்டும் பச்சையாகவே இருந்தது. தாயின் கையைத் தாண்டி, ரேடியோவைத் தாண்டி, மேடையின் நடுவுக்கு வந்தாள். தலை பின்னால் சாய்ந்து தொங்கியது. அறுந்த மணிக்கட்டால் அதைத் தள்ளி நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு கையை இறக்கினாள்.

கையைக் கட்டவில்லை. நேராக நின்றாள்.

"அம்மா" என்றாள்.

உதடு அசையவில்லை. குரல் கழுத்திலிருந்து வந்தது.

ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் விடாமல், அவள் சொல்லத் தொடங்கினாள்.